டொய்ங்! "புதிய டேக்" என்கிறதே போன், யாருடைய டேக் அது?

உங்களில் பாதிப் பேருக்காவது இது நடந்திருக்கும். போனைக் கையில வச்சு ரீல்ஸ் பாத்துட்டு இருக்கீங்க. எதையும் டேப் பண்ணல, எந்த மெஷின்கிட்டயும் போகல. திடீர்னு டொய்ங்னு ஒரு சத்தம், சின்னதா ஒரு வைப்ரேஷன். திரையில் "புதிய டேக் ஸ்கேன் செய்யப்பட்டது" என்று ஒரு வரி. சில போன்களில் "இந்த என்எஃப்சி டேக்குக்கு ஏற்ற ஆப் இல்லை" என்று வரும். தள்ளிவிட்டா ரெண்டு நிமிஷத்துல மறுபடியும் அதே டொய்ங்.

உடனே மனசு எங்கே போகும்? பஸ்ல பக்கத்துல நிக்கிறவர் பையில ஏதோ மெஷின் இருக்கு, நம்ம அக்கவுண்ட்டைத் துடைக்கிறார்னு தோணும். என் ரூம்மேட்டுக்கு அப்படித்தான் தோணுச்சு. செமஸ்டர் நேரம், ராத்திரி பதினோரு மணிக்கு இந்த நோட்டிஃபிகேஷன் வந்தது. பயந்துபோய் அப்பவே டெபிட் கார்டை பிளாக் பண்ணிட்டான். புது கார்டு தபால்ல வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவனுக்கு நான்தான் ஏடிஎம். கடைசியில அந்த மர்ம டேக் எதுன்னு தேடினா, அவன் போன் கவருக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்த அதே டெபிட் கார்டு!

அதனால இந்த நோட்டிஃபிகேஷன் ஏன் வருது, எப்போ பயப்படணும், எப்போ வேண்டாம் என்று ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடலாம். ஈசிஇ பசங்களுக்குக் கொஞ்சம் ரிவிஷன் மாதிரி இருக்கும். மத்தவங்களுக்கும் புரியும், பயப்படாதீங்க.

என்எஃப்சி என்பது உங்க போன் முதுகுக்குள்ள இருக்கிற ஒரு தட்டையான காயில், அவ்ளோதான். அதுல 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டம் ஓடும். அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உருவாகும். கார்டுக்குள்ளேயும் இதே மாதிரி ஒரு காயில், கூடவே கடுகு சைஸில் ஒரு சிப். கார்டில் பேட்டரி கிடையாது. போனோட காந்தப்புலத்துக்குள்ள வந்தால்தான் அந்தக் காயில்ல மின்சாரம் தூண்டப்பட்டு சிப்புக்கு உயிர் வரும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடிச்ச அதே விஷயம்.

சரி, உயிர் வந்த சிப் எப்படிப் பதில் சொல்லும்? அதுக்கென்று தனியா டிரான்ஸ்மிட்டர் எல்லாம் இல்லை. முதல் வருஷம் பேசிக் எலக்ட்ரிகல்ல டிரான்ஸ்ஃபார்மர் படிச்சோமே, செகண்டரியில் லோடு மாறினா பிரைமரியிலும் கரண்ட் மாறும்னு. அதேதான். சிப் தன் பக்கத்துல ஒரு லோடை ஆன் ஆஃப், ஆன் ஆஃப் என்று மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தைப் போன் தன் காயிலில் உணர்ந்து, ஒன்று, பூஜ்யம் என்று படிச்சுக்கும். இதுக்குப் பேர் லோட் மாடுலேஷன். எனக்கு மொத்த சிலபஸ்லயும் ரொம்பப் பிடிச்ச ஐடியா இது. பேசவே பவர் இல்லாத ஒருத்தர், எதிர்ல இருக்கிறவரோட குரலை அசைத்தே பதில் சொல்றார்.

ஏன் தூரத்துல இருந்து வேலை செய்யாதுன்னும் இதுலயே தெரிஞ்சுக்கலாம். 13.56 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 22 மீட்டர். ஆனா இங்கே நாம அலையைப் பயன்படுத்தல, காயிலை ஒட்டி இருக்கிற காந்தப்புலத்தைத்தான் பயன்படுத்துறோம். காயிலோட அளவைத் தாண்டின பிறகு அந்தப் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். தூரம் ரெண்டு மடங்கானா புலம் எட்டில் ஒரு பங்கு. அதனாலதான் போன்களில் இது நாலு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் எட்டும். ஆக, உங்க போன் ஒரு டேக்கைப் பார்த்தேன்னு சொன்னா, அந்த டேக் பஸ்ஸோட அந்தப் பக்கத்துல இல்லை. உங்க போனை ஒட்டித்தான் இருக்கு.

இப்போ முக்கியமான கேள்வி: நாம கேட்காமலேயே போன் ஏன் தேடுது?

கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிறதை நினைச்சுக்கோங்க. சார் நம்பர் கூப்பிட்டாத்தான் நாம "பிரசண்ட்" சொல்லுவோம். அவர் கூப்பிடாம நாமளா எழுந்து கத்த மாட்டோம். இங்கே போன்தான் சார், கார்டுதான் ஸ்டூடண்ட். ஸ்கிரீன் அன்லாக் ஆகி இருக்கிற நேரமெல்லாம் ஆண்ட்ராய்டு போன் விடாம அட்டெண்டன்ஸ் எடுத்துக்கிட்டே இருக்கும். வெறும் 7 பிட் நீளமுள்ள ஒரு சின்ன கட்டளை, "யாராவது இருக்கீங்களா?" என்ற அர்த்தத்தில். அதையும் ஒரே மொழியில் கேட்காது. ஏ டைப் கார்டுக்கு ஒரு மாதிரி, பி டைப்புக்கு ஒரு மாதிரி, ஜப்பானின் சூய்க்கா, ஹாங்காங்கின் ஆக்டோபஸ் கார்டுகளில் இருக்கிற சோனியின் ஃபெலிகாவுக்கு ஒரு மாதிரி, லைப்ரரி டேக்குகளுக்கு இன்னொரு மாதிரி என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும்.

இப்படி முழு நேரமும் முழு பவரில் கேட்டா பேட்டரி தாங்காது. அதனால பல என்எஃப்சி சிப்களில் ஒரு சின்ன தந்திரம் இருக்கு. ரொம்பக் குட்டியா ஒரு துடிப்பை மட்டும் அனுப்பி, காயிலோட நிலை ஏதாவது மாறியிருக்கான்னு பார்க்கும். மாறியிருந்தாத்தான் முழுசா எழுந்து கேள்வி கேட்கும்.

பதில் வந்துட்டா அடுத்த வேலை ஆண்ட்ராய்டுடையது. முதல்ல, டேக்குக்குள்ள போனுக்குப் புரியிற வடிவத்தில் ஏதாவது செய்தி இருக்கான்னு பார்க்கும். ஒரு வெப்சைட் லிங்க், ஒரு போன் நம்பர், இந்த மாதிரி. இருந்தா அதுக்குரிய ஆப்பிடம் கொடுத்துடும். இல்லைன்னா, "இந்த வகைக் கார்டைக் கையாளத் தெரிஞ்ச ஆப் யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்கும். அதுவும் இல்லைன்னா கடைசியா, "எந்த டேக்கா இருந்தாலும் பரவாயில்லை, யாராவது வாங்கிக்கோங்க" என்று கேட்கும். யாருமே கையைத் தூக்கலைன்னா? அப்போதான் அந்த டொய்ங். "ஏதோ ஒண்ணு இருக்கு, எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே பாத்துக்கோங்க" என்று போன் கையை விரிக்கிறதுதான் நாம் பார்க்கிற நோட்டிஃபிகேஷன். அதாவது அது திருட்டு நடந்ததுக்கான அலாரம் கிடையாது. போனுக்கு எதுவும் செய்யத் தெரியலைன்னு சொல்ற வரி.

ஐபோன்காரங்களுக்குக் கதை கொஞ்சம் வேற. 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களில் இருந்துதான் ஆப் எதையும் திறக்காமலேயே பின்னணியில் டேக் படிக்கும் வசதி வந்தது. ஸ்கிரீன் ஆன்ல இருக்கணும். கேமரா திறந்திருந்தாலோ ஏரோபிளேன் மோடில் இருந்தாலோ படிக்காது. முக்கியமா, லிங்க் மாதிரி புரியக்கூடிய செய்தி எழுதின டேக்குக்குத்தான் அது வாயைத் திறக்கும், வெறும் பேங்க் கார்டைப் பார்த்து டொய்ங் போடாது. அதனால ஐபோனில் இந்த நோட்டிஃபிகேஷன் வந்தா, பக்கத்துல யாரோ எழுதி வச்ச ஒரு டேக் நிஜமாவே இருக்குன்னு அர்த்தம். மேஜையில ஒட்டின ஸ்டிக்கரா, ஹெட்போன் டப்பாவான்னு சுத்திப் பாருங்க.

சந்தேகப் பட்டியலுக்கு வருவோம். நம்பர் ஒன் குற்றவாளியை மேலேயே சொல்லிட்டேன், போன் கவருக்குள்ள இருக்கிற கார்டு. பேங்க் கார்டுல சின்ன வைஃபை சின்னம் சாய்ஞ்ச மாதிரி நாலு வளைவுக் கோடு இருந்தா அது கான்டாக்ட்லெஸ் கார்டு. சென்னையில மெட்ரோவுக்கு வச்சிருக்கிற சிங்காரச் சென்னை கார்டும் இதே குடும்பம்தான். கவருக்குள்ள கார்டு கொஞ்சம் கொஞ்சம் நகரும். புலத்தோட விளிம்புல இருந்தா ஒரு தடவை பவர் கிடைக்கும், கை அசைஞ்சதும் போயிடும், மறுபடி கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் போனுக்கு அது புதுசா வந்த ஆள். அதான் மறுபடி மறுபடி டொய்ங்.

அடுத்தது, நம்ம ஆட்களுக்கே உரிய ஒண்ணு: லைப்ரரி புத்தகம். ஆர்எஃப்ஐடி வச்சு புக் எடுக்கிற லைப்ரரிகள்ல, புத்தக அட்டைக்கு உள்பக்கம் சதுரமா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. பெரும்பாலும் அதுவும் 13.56 மெகாஹெர்ட்ஸ்தான். ஆண்ட்ராய்டு போனை அந்தப் புத்தகத்து மேல வச்சுட்டு அன்லாக் பண்ணிப் பாருங்க, தெரியும். படிக்கிறப்போ போன் தொந்தரவு பண்ணுதுன்னா, சில சமயம் புத்தகமே காரணமா இருக்கலாம். படிக்காம இருக்க நல்ல சாக்கு!

காலேஜ் ஐடி கார்டு ஒரு சுவாரஸ்யமான கேஸ். ரெண்டு விதம் புழக்கத்துல இருக்கு. ஒண்ணு 125 கிலோஹெர்ட்ஸ், பழைய டோர் லாக் வகை. போனுக்கு அது கண்ணுக்கே தெரியாது. இன்னொண்ணு 13.56, போன் உடனே குரல் கொடுக்கும். உங்க கார்டு எதுன்னு தெரியணும்னா போன் முதுகுல வச்சாலே போதும். சத்தம் வந்தா இன்னொரு விஷயமும் பாருங்க. அது மைஃபேர் கிளாசிக் வகையா? அந்தக் கார்டுக்குள்ள இருக்கிற கிரிப்டோ1 என்ற ரகசியக் குறியீட்டு முறையை 2008-லேயே நெதர்லாந்தின் நைமேகனில் இருக்கிற ராட்பவுட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உடைச்சுக் காட்டிட்டாங்க. அது நாம அடிச்சு விளையாடுறதுக்காகச் சொல்லல, இன்னும் அதை நம்பி மெஸ் பேலன்ஸை கார்டுலயே வைக்கிற சிஸ்டம் இருந்தா மாத்தச் சொல்லலாமேன்னுதான்.

ரெண்டு போனை முதுகோடு முதுகா ஒண்ணு மேல ஒண்ணு வச்சாலும் டொய்ங் வரும். ஏன்னா 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-ல் இருந்து போனே கார்டு மாதிரி நடிக்க முடியும். டேப் பண்ணிப் பணம் கட்டும் வசதி அதுல இருந்து வந்ததுதான். ஒரு போன் அட்டெண்டன்ஸ் எடுக்க, இன்னொண்ணு "பிரசண்ட் சார்" சொல்லிடுது. கேண்டீன் மேஜையில எல்லாரும் போனை அடுக்கி வைக்கிற கேங்குக்கு இது சமர்ப்பணம். முகப்பட்டையில் தங்க நிறச் சின்ன சிப் அடையாளம் போட்ட புது பாஸ்போர்ட்டும் பதில் சொல்லும். ஆனா உள்பக்கத்துல அச்சடிச்ச விவரத்தைச் சாவியா கொடுக்காம, உள்ளே இருக்கிறதை அது காட்டாது.

அநியாயமா பழி சுமக்கிறவங்களும் உண்டு. கார் கண்ணாடியில் ஒட்டுற ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ், போன் காயிலுக்கு அது கேட்கவே கேட்காது. பிவிசி ஆதார் கார்டில் இருப்பது க்யூஆர் கோடு, அதுக்குள்ள சிப்பே இல்லை.

உங்க கேஸ்ல யாருன்னு கண்டுபிடிக்க, கவரைக் கழட்டி, போனை வெறும் மர மேஜையில வச்சு அன்லாக் பண்ணி ரெண்டு நிமிஷம் பாருங்க. அமைதியா இருந்தா, பர்ஸ்ல இருக்கிற கார்டுகளை ஒவ்வொண்ணா பின்னாடி வைங்க. இன்னும் ஆர்வம் இருந்தா என்எஃப்சி டூல்ஸ் அல்லது என்எக்ஸ்பி நிறுவனத்தின் டேக்இன்ஃபோ ஆப்பைப் போட்டுக்கோங்க. டேக் என்ன வகைன்னு காட்டும். ஐஎஸ்ஓ-டெப் என்று வந்தா பேங்க் கார்டு, பாஸ்போர்ட் மாதிரி ஏதாவது. என்எஃப்சி-வி என்று வந்தா பெரும்பாலும் லைப்ரரி வகை. நாலு பைட் அடையாள எண் 08-ல் ஆரம்பிச்சா, அது ஒவ்வொரு தடவையும் மாறுற எண். பாஸ்போர்ட்டும் கார்டா நடிக்கிற போனும் இப்படித்தான் செய்யும், யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாதுன்னு.

கார்டைக் கவருக்குள்ள வைக்கிற பழக்கத்துல சத்தத்தை விடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு, வயர்லெஸ் சார்ஜிங். போனுக்கும் சார்ஜருக்கும் நடுவுல கார்டு இருந்தா, அந்தப் பலமான புலம் கார்டோட சிப்பையோ காந்தப் பட்டையையோ கெடுத்துடலாம். ஆப்பிளே தன் வழிகாட்டியில் இதை எச்சரிச்சிருக்கு. சார்ஜ் போடுறதுக்கு முன்னாடி கார்டை எடுத்துடுங்க.

இப்போ பணம். போன் உங்க கார்டைப் படிச்சதால காசு போகுமா? போகாது. பணம் எடுக்க, பேங்க்கோட இணைஞ்ச வணிகர் கணக்கு வேணும், ஒரு தொகையைப் போட்டுக் கேட்கணும். அதுக்குக் கார்டு ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகிற ஒரு குறியீட்டை உருவாக்கித் தரணும். உங்க போன் சும்மா "யார் நீ?" என்று கேட்டதுல இது எதுவுமே நடக்கல. யூபிஐ பணத்துக்கும் இந்த நோட்டிஃபிகேஷனுக்கும் தொடர்பே இல்லை. ஆனா முழு உண்மையையும் சொல்லணும். பல கார்டுகளில் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பூட்டு இல்லாமலேயே படிக்கக் கிடைக்கும், ஒரு ஆப் போதும். பின்பக்கம் அச்சடிச்ச மூணு இலக்க சிவிவி கிடைக்காது. ஆக, ஓரளவு தகவல் கசியும், பணம் கசியாது.

நம்ம ஊர்ல இதுக்கு மேல ஒரு பாதுகாப்பும் இருக்கு. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, புது கார்டில் கான்டாக்ட்லெஸ் வசதி தானா ஆன்ல இருக்கக் கூடாது. நாம கேட்டாத்தான் திறக்கணும், ஆன் ஆஃப் பண்ண ஆப்பிலேயே வசதி கொடுக்கணும். 2021 ஜனவரி 1 முதல் பின் இல்லாமல் டேப் பண்ணும் உச்சவரம்பு 2000-ல் இருந்து 5000 ரூபாய் ஆனது. அந்த அளவு வேண்டாம்னு தோணினா பேங்க் ஆப்பில் குறைச்சு வச்சுக்கலாம். நான் 500-ல வச்சிருக்கேன், டீக்கடைக்கும் மெட்ரோவுக்கும் அது தாராளம்.

அப்போ பயப்படவே வேண்டாமான்னு கேட்டா, ரெண்டு இடத்துல வேணும்.

முதலாவது, பொது இடத்தில் ஒட்டின டேக். கடையில கிடைக்கிற ஒரு என்டேக்213 ஸ்டிக்கரில் 144 பைட் எழுதலாம், ஒரு லிங்க்குக்கு அதுவே அதிகம். பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த லிங்க் நேரா பிரவுசர்ல திறந்துடும். திறந்ததால மட்டும் போச்சுன்னு இல்லை, அங்கே வர்ற பக்கத்துல பாஸ்வேர்ட் போட்டாலோ ஆப் இன்ஸ்டால் பண்ணினாலோதான் சிக்கல். 2019-ல் ஆண்ட்ராய்டு பீம் என்ற பழைய வசதியில் ஒரு ஓட்டை இருந்தது. என்எஃப்சி வழியா வர்ற ஆப்புக்கு வழக்கமான எச்சரிக்கையே வராது. அந்த அக்டோபர் அப்டேட்டிலேயே அடைச்சிட்டாங்க. வீட்டுல அப்பாவோட அஞ்சு வருஷமா அப்டேட் ஆகாத போன் இருந்தா ஒருமுறை பாருங்க.

இரண்டாவதுதான் நிஜமான ஆபத்து, அதுல டொய்ங்கே வராது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நம்மள மாதிரி மாணவர்கள் என்எஃப்சிகேட் என்று ஒரு கருவி செஞ்சாங்க. ஒரு போன் படிக்கிற கார்டு உரையாடலை இன்னொரு போனுக்கு இணையம் வழியா கடத்தும். ஆராய்ச்சிக்காகச் செஞ்சது. அதை எடுத்துத் திருடர்கள் ஒரு மால்வேர் ஆக்கிட்டாங்க. 2024 ஆகஸ்டில் ஈசெட் நிறுவனம் இதை என்கேட் என்ற பெயரில் வெளியிட்டது. மாட்டிக்கிட்டவங்க செக் குடியரசு பேங்க் வாடிக்கையாளர்கள். வரி பாக்கித் தொகை திரும்ப வருதுன்னு முதல்ல எஸ்எம்எஸ். அப்புறம் பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஒரு போன் கால்: "உங்க கணக்குல யாரோ புகுந்துட்டாங்க, இந்த ஆப்பைப் போடுங்க, பின்னை மாத்தணும், கார்டைப் போனுக்குப் பின்னாடி வச்சுப் பிடிங்க." அவங்க வச்ச நொடியில, எங்கேயோ ஏடிஎம் வாசலில் நிக்கிறவன் போன் அவங்க கார்டாவே மாறிடும். பின்னையும் அவங்களே டைப் பண்ணிட்டாங்க. அந்த மார்ச்சிலேயே பிராக்கில் ஏடிஎம்களில் இப்படிப் பணம் எடுத்த 22 வயசுப் பையன் ஒருத்தனைப் பிடிச்சாங்க. நம்ம வயசு!

கவனிச்சீங்களா, நாலு சென்டிமீட்டர் பாதுகாப்பை எந்த ஹேக்கரும் உடைக்கல. கார்டுக்காரரையே அந்த நாலு சென்டிமீட்டரைக் கடக்க வச்சாங்க. அதனால யார் போன் பண்ணி "கார்டைப் போனுக்குப் பின்னாடி வைங்க" என்று சொன்னாலும், அம்மா அப்பாகிட்டயும் சொல்லி வைங்க, கட் பண்ணிடணும். ஏற்கெனவே வச்சாச்சுன்னா நெட்டை ஆஃப் பண்ணிட்டு, வேற போன்ல இருந்து கார்டை பிளாக் பண்ணி, 1930-க்குக் கூப்பிடுங்க.

டொய்ங் மட்டும்தான் தொந்தரவுன்னா, ஆண்ட்ராய்டில் மேல இருந்து ஸ்வைப் பண்ணினா வர்ற பேனலிலேயே என்எஃப்சி பட்டன் இருக்கும், ஆஃப் பண்ணுங்க. டேப் பண்ணிப் பணம் கட்டுறப்போ மட்டும் ஆன் பண்ணினா போதும். ஐபோனில் அந்த பட்டனே இல்லை, டேக்கைத்தான் தள்ளி வைக்கணும். கவருக்குள்ள கார்டு இருந்தே ஆகணும்னு அடம் பிடிக்கிறவங்க, ஆர்எஃப்ஐடி தடுக்கிற மெல்லிய உலோக உறையில் போட்டு வைங்க. மெட்ரோ கேட்டில் மட்டும் உறையில இருந்து வெளியே எடுத்துக் காட்டணும், பின்னாடி வரிசையில நிக்கிறவங்க திட்டுவாங்க, அது உங்க பாடு.